மண்ணுக்குள் இருந்த வைரஸைத் தூண்டில் செடி வைத்துப் பிடித்த அனுபவம்

அறுவடை செய்த உருளைக்கிழங்கில், வெளித்தோலில் ஒரு குறையும் தெரியாத சிலவற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, வெள்ளைச் சதைக்குள் பழுப்பு நிறப் பிறைக்கீற்றுகள் ஒன்றையொன்று சூழ்ந்தாற்போல் ஓடியிருந்தன. கத்தி அந்தக் கீற்றைக் கடக்கும்போது தக்கையை அறுப்பது போன்ற ஓர் இடறல் விரலுக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்த நல்ல சதையில் அது வழுக்கிக்கொண்டு போனது. அரை ஏக்கர் நிலத்தில் எல்லா வரிசைகளிலும் இப்படி இல்லை. திட்டுத்திட்டாக, நாலைந்து இடங்களில் மட்டும் இருந்தது. அந்தத் திட்டுகளை ஒரு தாளில் வரைந்து வைத்ததுதான் இந்த வேலையில் நான் முதலில் செய்த உருப்படியான காரியம்; பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தத் தாளே அடிப்படையாக இருந்தது.

சதையில் இத்தகைய கீற்றுகளை உண்டாக்கும் மண்வழி வைரஸ்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று டொபாக்கோ ராட்டில் வைரஸ். டிரைக்கோடோரஸ், பாராடிரைக்கோடோரஸ் என்ற இரு பேரினங்களைச் சேர்ந்த நூற்புழுக்கள், அதாவது மண்ணில் வாழும் நூல் போன்ற நுண்புழுக்கள், இதைப் பரப்புகின்றன. மற்றது பொட்டேட்டோ மாப்-டாப் வைரஸ். இதைப் பரப்புவது நூற்புழு அன்று, கிழங்கில் பொடிச் சொறியை உண்டாக்கும் ஸ்பாங்கோஸ்போரா என்ற வேர் ஒட்டுண்ணி. வெட்டிய கிழங்கை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் எது என்று தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்கவும் முடியாது, ஏனெனில் நூற்புழுவுக்குச் செய்யும் வைத்தியம் ஸ்பாங்கோஸ்போராவின் ஓய்வு வித்துகளை ஒன்றும் செய்யாது; அவை மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும்.

கீற்று விழுந்த கிழங்குகளை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வைரஸின் உறைப்புரதத்தைத் தேடும் எலைசா முறையில் பார்த்துவிட்டு, டொபாக்கோ ராட்டில் வைரஸ் இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். அந்த முடிவை நம்பி ஒரு மாதத்தை வீணாக்கினேன். ஆய்வகத்தில் தவறு ஒன்றும் நடக்கவில்லை. சோதனை முறைக்கும் இந்த வைரஸின் இயல்புக்கும் உள்ள பொருத்தமின்மையே காரணம். இந்த வைரஸின் மரபுப்பொருள் இரண்டு ஆர்என்ஏ துண்டுகளாகப் பிரிந்து, நீளத்தில் வேறுபட்ட இரண்டு கோல் வடிவத் துகள்களுக்குள் தனித்தனியாக இருக்கிறது. முதல் துண்டு தனியாகவே செடிக்குள் பெருகிப் பரவும் ஆற்றல் உடையது. உறைப்புரதத்தை உருவாக்கும் செய்தியோ இரண்டாவது துண்டில்தான் உள்ளது. கிழங்குக்குள் முதல் துண்டு மட்டும் சென்று சேர்ந்துவிட்டால் நோய் இருக்கும், கீற்று இருக்கும், உறைப்புரதம் மட்டும் இருக்காது. எலைசா தேடுவது இல்லாத பொருளை. கீற்று விழுந்த கிழங்கில் இந்த நிலை அரிதன்று. முதல் துண்டைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனையை, அதாவது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பல மடங்கு பெருக்கிக் காணும் சோதனையை, கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

கிழங்கை விட்டுவிட்டு மண்ணிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். அதற்கான வழி, சந்தேகத்துக்குரிய மண்ணில் புகையிலை நாற்றுகளை நட்டு, நூற்புழுக்கள் அவற்றின் வேரைக் குத்தும்வரை காத்திருந்து, பிறகு அந்த வேரில் வைரஸ் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதைத் தூண்டில் செடி முறை என்று சொல்லலாம்.

முதல் முயற்சி முழுத் தோல்வி. அதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் நான் செய்த பிழைகள் ஒவ்வொன்றும் இயல்பாக எவருக்கும் நேரக்கூடியவை. மழையில்லாத நாட்களில், மேல் மண்ணை மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்தேன். அதைப் பையில் கட்டி வண்டியின் பின்புறம் வெயிலில் அரைநாள் விட்டுவைத்தேன். கற்களையும் பழைய வேர்களையும் நீக்கவேண்டும் என்று, உலர்ந்த மண்ணைக் கம்பிச் சல்லடையில் போட்டுத் தேய்த்துச் சலித்தேன். அதில் நாற்றுகளை நட்டு, இலையில் ஏதாவது கோலம் விழுகிறதா என்று ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செடிகள் செழிப்பாக வளர்ந்தன. இலைகளில் ஒன்றும் விழவில்லை. மண் சுத்தம் என்று எண்ணிச் செடிகளைப் பிடுங்கி எறிந்தேன்.

டிரைக்கோடோரஸ் வகை நூற்புழு மிக மென்மையான உயிர். மண் துகள்களுக்கு இடையிலுள்ள ஈரப் படலத்தில் வாழ்வது; மேல்மண் காயும்போது ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிவிடும். ஆகவே காய்ந்த மேல்மண்ணில் நான் எடுத்ததில் அது குறைவாகவே இருந்திருக்கும். இருந்ததையும் வெயிலும் சல்லடையும் கொன்றிருக்கும். மண் பையைத் தரையில் தொப்பென்று போடுவதுகூட இதற்கு ஆபத்து. அப்படியும் ஒன்றிரண்டு பிழைத்து வேரைக் குத்தியிருந்தாலும், தூண்டில் செடியில் இந்த வைரஸ் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும்; இலைக்கு ஏறாது. நான் தேட வேண்டிய இடத்தைக் குப்பையில் எறிந்துவிட்டு, தேட வேண்டாத இடத்தை ஆறு வாரம் பார்த்திருக்கிறேன்.

நல்ல மழை பெய்து நான்கு நாட்கள் கழித்து இரண்டாம் முறை மண் எடுத்தேன். இந்தமுறை குழல் வடிவத் துளைக்கருவியால், பத்து செ.மீ.க்குக் கீழிருந்து முப்பத்தைந்து செ.மீ. ஆழம் வரை, பயிர் வரிசையை ஒட்டியே எடுத்தேன். வரைபடத்தில் குறித்த திட்டுகளிலிருந்தும் அவற்றுக்கு வெளியிலிருந்தும் சேர்த்துப் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கைப்பரப்புக்குள் பல குத்துகள் எடுத்து, கையாலேயே மெதுவாகப் புரட்டிக் கலந்தேன். பைகளை நுரைப்பெட்டியில் அடுக்கி நிழலில் கொண்டுவந்து, அன்றைக்கே தொட்டிகளில் நிரப்பினேன். நிரப்பும்போது மண்ணைத் தட்டவோ அமுக்கவோ இல்லை. புட்டு மாவை அள்ளி வைப்பதுபோல வைத்தேன்.

இத்துடன் இரண்டு வகைச் சான்றுத் தொட்டிகளும் வைத்தேன். மூன்று தொட்டிகளில் ஆவியில் நன்றாக வேகவைத்த மண். புகையிலைச் செடியைக் கையாளும்போது கையிலிருந்தோ கத்தியிலிருந்தோ வேறு வைரஸ் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அப்படி ஒட்டினால் இந்தத் தொட்டிகள் காட்டிக்கொடுக்கும். இன்னும் மூன்று தொட்டிகளில், அதே திட்டுகளின் மண்ணை இரண்டு வாரம் காற்றில் நன்கு உலர்த்தியபின் நிரப்பினேன். இது முதல் தோல்வியிலிருந்து கற்ற பாடம். உலர்த்தினால் நூற்புழு பிழைக்காது, ஆனால் ஸ்பாங்கோஸ்போராவின் ஓய்வு வித்துகள் பிழைக்கும். ஈர மண்ணில் வைரஸ் கிடைத்து உலர்ந்த மண்ணில் கிடைக்காமல் போனால் பரப்பியது நூற்புழு என்று துணிந்து சொல்லலாம். இரண்டிலும் கிடைத்தால் மற்றதைச் சந்தேகிக்க வேண்டும்.

தொட்டிகளை ஏறத்தாழ இருபது பாகை செல்சியஸ் வெப்பம் நிலவும் நிழலான இடத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு கொடுத்தேன். ஒரு தொட்டியின் வடிநீர் இன்னொன்றுக்குள் போனால் எல்லாம் வீண். ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். காயவும் கூடாது, தேங்கவும் கூடாது. ஐந்து வாரம் இப்படிக் காத்திருந்தேன்.

காத்திருந்த நாட்களில் நூற்புழுக்களையும் பிரித்துப் பார்த்தேன். பெய்ர்மன் புனலில் மண்ணை வைத்து, தாமாக நீந்தி இறங்குவதற்குக் காத்திருக்கும் முறை எல்லோருக்கும் பழக்கமானது; ஆனால் இந்தச் சோம்பேறிப் புழுக்களை அது சரியாகப் பிடிப்பதில்லை. கழுவிச் சலிக்கும் முறையே நல்லது. இருநூறு மி.லி. மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, கட்டி கரையும்வரை கையால் மெல்லக் கலக்கி, கனமான மணல் அடியில் இறங்கப் பதினைந்து நொடி பொறுத்து, மேல்நீரை மட்டும் நுண்சல்லடைகளின் வழியே வடித்தேன். இதை மூன்று முறை செய்தேன். சல்லடையில் தங்கியதை, வலைத்தட்டின் மேல் விரித்த மெல்லிய காகிதத்தில் ஊற்றி, அடிப்பக்கம் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி இரண்டு நாள் வைத்தேன். உயிருள்ளவை காகிதத்தைக் கடந்து தெளிந்த நீருக்குள் இறங்கியிருந்தன.

உருப்பெருக்கியில் நாற்பது மடங்கில் பார்த்தபோது, பாம்புபோல் நெளிந்தோடும் பிற நூற்புழுக்களுக்கு இடையில், தடித்துக் குட்டையாக, வால் மழுங்கிய சில மட்டும் அவசரமே இல்லாமல் வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. ஒன்றை ஒரு துளி நீரில் எடுத்துச் சூடு காட்டிக் கொன்று, நானூறு மடங்கில் வைத்தேன். வாயில், மற்றப் பயிருண்ணிப் புழுக்களுக்கு இருப்பது போன்ற நேரான உள்ளீடற்ற ஊசி இல்லை. மெலிந்த நகப்பிறைபோல் வளைந்த, உள்ளே துளையில்லாத ஒரு குத்துறுப்பு இருந்தது. உடலின் மேல்தோல், உடலைவிட்டுப் பிரிந்து நின்ற தளர்ந்த உறைபோல உப்பியிருந்தது. கொன்று பதப்படுத்தும்போது தோல் இப்படி உப்புவது பாராடிரைக்கோடோரஸின் அடையாளம். இந்த வளைந்த பல்லால்தான் அது வேர் நுனியின் புறத்தோல் செல்களையும் வேர்த்தூவிகளையும் வெளியிலிருந்தே குத்தி உறிஞ்சுகிறது, வேருக்குள் நுழைவதில்லை.

எண்ணிக்கை எனக்குப் பெரிய வியப்பைத் தந்தது. கீற்று அதிகமாக விழுந்த திட்டில் இருநூறு மி.லி. மண்ணுக்கு ஒன்பது புழுக்கள். கீற்றே விழாத கிழக்கு மூலையில் நாற்பத்தொன்று. எண்ணிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மருந்து அடிக்கப் போயிருந்தால், தவறான மூலையில் அடித்திருப்பேன். பயிரை வேரோடு தின்று குறைக்கும் நூற்புழுக்களுக்கு எண்ணிக்கைக் கணக்கு பொருந்தும். வைரஸைச் சுமக்கும் புழுவுக்கு அது பொருந்தாது. சுமக்கும் சில புழுக்கள், சுமக்காத ஒரு கூட்டத்தைவிடக் கேடு செய்யும்.

ஐந்தாம் வாரம் புகையிலை வேர்களைத் தொட்டி வாரியாகத் தனித்தனி வாளியில் அலசினேன். கைகளையும் கத்தரியையும் ஒவ்வொரு தொட்டிக்கும் இடையில் பால்பவுடர் கரைசலில் நனைத்தேன். வேரைக் குளிர்ந்த உரலில், பாஸ்பேட் தாங்கற்கரைசல் சிறிது விட்டு அரைத்துச் சாறெடுத்தேன். சோதனைச் செடியாகப் பீன்ஸ் நாற்றுகளைத் தயார் செய்திருந்தேன்; சாற்றில் வைரஸ் இருந்தால், அது நுழைந்த இடத்தில் பீன்ஸ் இலையில் புள்ளி விழும். முதல் இரண்டு இலைகள் விரிந்த பருவத்தில் அவற்றை ஒருநாள் இருட்டில் வைத்திருந்து, இலைமேல் கார்போரண்டம் என்ற உராய்வுத் தூளை மெல்லத் தூவி, சாற்றில் நனைத்த விரலால் ஒருமுறை நீவினேன். அழுத்தினால் இலை முழுவதும் காய்ந்துவிடும். அந்தத் தூளின் நுண்கீறல்கள் மட்டும் போதும். உடனே நீரால் கழுவிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் இலைகளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். ஆறு தொட்டிகளுக்குரிய இலைகளில், ஊசி முனையால் தொட்டு வைத்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள் நரம்புகளுக்கு இடையில் சிதறியிருந்தன. வேகவைத்த மண்ணின் இலைகளிலும், உலர்ந்த மண்ணின் இலைகளிலும் ஒரு புள்ளி இல்லை. புள்ளி வந்த ஆறு தொட்டிகளும் என் வரைபடத்தில் குறித்த திட்டுகளுக்குள்ளேயே இருந்தன. வேர்களின் இன்னொரு பகுதியை ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு அனுப்பி, இம்முறை இரண்டு வைரஸ்களையும் தேடச் சொன்னேன். ஏழு தொட்டிகளில் டொபாக்கோ ராட்டில் வைரஸ் உறுதியானது. மாப்-டாப் வைரஸ் எதிலும் இல்லை, உலர்ந்த மண்ணில் இரண்டுமே இல்லை. நாற்பத்தொரு புழுக்கள் இருந்த கிழக்கு மூலைத் தொட்டி சுத்தமாக இருந்தது.

கிழங்கில் எலைசாவுக்கு அகப்படாத வைரஸ், வேர்ச்சாற்றில் எப்படி இவ்வளவு எளிதாகப் புள்ளி போட்டது என்ற கேள்வி எழலாம். நூற்புழு ஏந்திச் செல்வது உறைப்புரதம் போர்த்திய முழுத் துகளை மட்டுமே; உறை இல்லாத வைரஸ் அதன் உணவுக்குழாயில் ஒட்டாது. ஆகவே புழு குத்திய வேரில் கிடைப்பது, சாறெடுத்தாலும் சிதையாத உறையுள்ள வைரஸ். கிழங்குச் சாற்றிலிருந்து நேராகப் பீன்ஸ் இலைக்குத் தடவியிருந்தால், உறையற்ற ஆர்என்ஏ நொடியில் சிதைந்து, மறுபடியும் ‘இல்லை’ என்றே விடை வந்திருக்கக்கூடும்.

நூற்புழு வைரஸைப் பரப்பும் என்பது 1958-இல்தான் முதன்முதலில் நிறுவப்பட்டது. ஹெவிட், ராஸ்கி, கோஹீன் என்ற மூவர், ஜிபினெமா இண்டெக்ஸ் என்ற புழு திராட்சையின் விசிறி இலை வைரஸைப் பரப்புவதைக் காட்டினார்கள். டொபாக்கோ ராட்டில் வைரஸுக்கு அது 1960-இல் தெரியவந்தது. அதன்பின் வெளிப்பட்ட ஒரு செய்தியே என் நிலத்துக்கு வழி காட்டியது. வைரஸ், புழுவின் உணவுக்குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் தங்கியிருக்கும்; ஆனால் புழுவுக்குள் பெருகாது, முட்டைக்குள் போகாது. குஞ்சு ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் உணவுக்குழாயின் உட்சுவரும் சேர்ந்தே உரிந்துபோகும். அதோடு வைரஸும் போய்விடும். அதாவது ஒவ்வொரு புழுவும் பிறக்கும்போது சுத்தமானது. நோயுள்ள வேரைக் குத்திய பிறகே நோய் சுமக்கிறது. ஆகவே புழுவைக் கொல்லாமலே, நோயுள்ள வேரை இல்லாமல் செய்தால், தலைமுறை மாறும்போது மண் சுத்தமாகும்.

தரிசாகப் போடுவது இதற்கு உதவாது. முதிர்ந்த புழு பட்டினியாகவே வைரஸைச் சுமந்துகொண்டு கிடக்கும். போதாததற்குத் தரிசில் முளைக்கும் களைகளில் பல இந்த வைரஸுக்கு இடம் கொடுப்பவை. நானூறுக்கும் மேற்பட்ட செடி இனங்களில் அது வாழக்கூடியது. சில களைகளின் விதை வழியாகவும் அடுத்த பருவத்துக்குக் கடக்கிறது. வேண்டியது, புழுவுக்கு உணவாகி அதை இனம் பெருக்கச் செய்து, வைரஸுக்கு மட்டும் இடம் கொடாத ஒரு பயிர். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் அப்படிப்பட்டது என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உருளைக்கிழங்கு நிலங்களின் புழுக்களை வைத்துச் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. வைரஸின் திரிபுக்குத் திரிபு இது மாறக்கூடும் என்பதால், நான் நேரே நிலத்தில் விதைக்கவில்லை. வைரஸ் உறுதியான மண்ணில் நான்கு தொட்டி குதிரைமசால் வளர்த்து, மூன்று மாதம் கழித்து வேரைச் சோதித்து, வைரஸ் இல்லை என்று கண்டபிறகே விதைத்தேன். இந்தப் படியைத் தாண்டிப் போக எவரையும் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு பருவம் முழுதும் குதிரைமசால் நின்றது. அதைவிடப் பெரிய வேலை களையெடுப்பு. மணத்தக்காளி உருளைக்கிழங்கின் இனம்; வைரஸையும் வைத்துக்கொள்ளும், புழுவுக்கும் உணவாகும். குதிரைமசாலுக்கு நடுவில் அது ஒன்று நின்றால், அதன் வேர்வட்டத்துக்குள் வரும் புழுக்கள் திரும்பவும் வைரஸை ஏந்திக்கொள்ளும். வாரம் ஒருமுறை வரிசையாக நடந்து, வேரோடு பிடுங்கிப் பையில் போட்டு வெளியே கொண்டுபோனேன்.

இரண்டாம் பருவ முடிவில், அதே வரைபடத்தை வைத்து அதே பன்னிரண்டு இடங்களில் மண் எடுத்துத் தூண்டில் செடி வைத்தேன். புழுக்கள் குறையவில்லை, முன்பு ஒன்பது இருந்த திட்டில் ஐம்பத்திரண்டு எண்ணினேன். ஆனால் ஏழு தொட்டிகளில் ஆறு சுத்தமாகிவிட்டன. பீன்ஸ் இலையிலும் ஆர்டி-பிசிஆரிலும் ஒரே விடை.

மீதமிருந்த ஒன்று வடக்கு வரப்பை ஒட்டியது. போய்ப் பார்த்தபோது, வரப்பின் சரிவில், நான் நிலம் என்று கணக்கில் கொள்ளாத ஒரு முழ அகலத்தில், மணத்தக்காளி மூன்று புதர்களாகக் காய்த்து நின்றது. வேர்கள் வரப்புக்கு அடியில் நிலத்துக்குள் ஓடியிருந்தன. அவற்றின் வேரிலும் வைரஸ் இருந்தது. களையெடுக்கும்போது இரண்டு ஆண்டும் அதன் மேலாகவே நடந்து போயிருக்கிறேன்.

கேரட், பீட்ரூட் பயிரிடுபவர்களுக்கு ஒரு சொல். அங்கே வைரஸைப் பரப்பக்கூடியது லாஞ்சிடோரஸ் என்ற நீண்ட ஊசிப்புழு. தக்காளிக் கருவளைய வைரஸ் அதன் வழியே செல்வது. அது நீளமானது என்பதால் சற்றுப் பெரிய கண்ணுள்ள சல்லடையிலேயே தங்கும். தூண்டில் செடியாக வெள்ளரி நாற்று நன்றாக உதவும். லாஞ்சிடோரஸ் வைரஸைச் சில வாரங்களே தாங்கியிருக்கும் என்பதால், களை இல்லாத தரிசு அங்கே ஓரளவு பயன் தரும். கேரட்டும் பீட்ரூட்டும் கவைத்துப் பிளந்து போவதை மட்டும் வைத்து வைரஸ் என்று முடிவு செய்துவிடக் கூடாது. வைரஸ் இல்லாத புழுவே வேர்நுனியைக் குத்தி அப்படிச் செய்யும்.

வரப்பைத் தோண்டிப் புதர்களை அகற்றி, அந்த ஓரத்தை ஒட்டி நான்கு மீட்டர் அகலத்துக்கு மறுபடியும் குதிரைமசால் விதைத்திருக்கிறேன். இம்முறை வரப்பின் சரிவிலும் சேர்த்து. புழு தானாக நகரும் தூரம் மிகக் குறைவு. அதைத் தூக்கிக்கொண்டு போவது கலப்பையும் காலணியும்தான். அதனால் உழவை மற்றப் பகுதியில் தொடங்கி அந்த ஓரத்தில் முடித்து, கலப்பையின் கொழுவை அங்கேயே தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். மற்றப் பகுதியில் இந்தப் பருவம் உருளைக்கிழங்கு இருக்கிறது. கீற்று காட்டாமலே வைரஸைச் சுமக்கும் ரகங்களும் உண்டு என்பதால், கீற்று தெளிவாக விழும் ரகமாகவே தேர்ந்து, சோதித்த விதைக்கிழங்கை நட்டிருக்கிறேன். அறுவடையில் ஒவ்வொரு திட்டிலிருந்தும் ஐம்பது கிழங்கு வெட்டிப் பார்க்க வேண்டும்.